ஒரே சிப், இரண்டு விலை: மீதிப் பணம் எங்கே போகிறது?

கேள்வி:
2018 மே மாதம் குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 845 சிப்புடன் (கைபேசியின் மூளை போன்ற செயலி) ஒன்பிளஸ் 6 கைபேசி இந்தியாவில் 34,999 ரூபாய்க்கு வந்தது. அதே சிப்பைக் கொண்ட போகோ எஃப்1 கைபேசி ஆகஸ்டில் 20,999 ரூபாய்க்கே வந்தது. இந்த 14,000 ரூபாய் எதில் குறைக்கப்பட்டது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போகோவின் பின்புறத்தை நகத்தால் தட்டினாலே பிளாஸ்டிக் என்பது தெரிந்துவிடும்; ஒன்பிளஸில் அது கண்ணாடி. போகோவில் அமோலெட்டுக்கு (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) பதிலாக, பின்விளக்கால் ஒளிரும் எல்சிடி திரை; என்எஃப்சி (கைபேசியைக் கருவியருகே காட்டிப் பணம் செலுத்த உதவும் வசதி) கிடையாது, கேமராவில் ஓஐஎஸ்ஸும் (கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கும் அமைப்பு) கிடையாது. சிப்பில் கை வைக்காமல் சுற்றியுள்ளவற்றில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பிற்பாடு சிப் தயாரிப்பாளர்களின் போட்டியும் சேர்ந்துகொண்டது. கவுண்டர்பாயிண்ட் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2020 மூன்றாம் காலாண்டில் மீடியாடெக் என்ற சிப் நிறுவனம், கைபேசி சிப்களின் எண்ணிக்கையில் குவால்காமை முந்தியது. மீடியாடெக், டிஎஸ்எம்சி என்ற தைவான் சிப் ஆலை நிறுவனத்தின் 5 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் உருவான டைமென்சிட்டி 8100 சிப்பை 2022-இல் கொண்டுவந்ததால்தான், ரெட்மி கே50ஐ போன்ற கைபேசி 25,999 ரூபாய்க்குச் சாத்தியமாயிற்று.

கேட்டவர்:
மிக்க நன்றி. எனக்கு என்எஃப்சி தேவையே இல்லை. கடையில் க்யூஆர் ஒட்டியிருந்தால் போதும்.