முதல் நாள் ஓடிய சூடக் கப்பல் மறுநாள் நகரவில்லை, உதவுங்கள்

காரைக்குடி அப்பா:
ஐந்து வயது மகளுக்குச் சூடக் கப்பல் செய்து கொடுத்தேன். தெர்மோகோலைக் கட்டைவிரல் நீளத்துக்குக் கப்பல் மாதிரி வெட்டி, பின்பக்கம் ஒரு பிளவு போட்டு, அதில் சூடத் துண்டைச் செருகினேன், அவ்வளவுதான். வியாழன் சாயங்காலம் வளவில் பித்தளைத் தாம்பாளத்தில் விட்டோம். சுற்றிச் சுற்றி ஓடியது. வெள்ளி காலையில் அதே கப்பல், அதே தாம்பாளம், புதுத் தண்ணீர். ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. சூடத்தை மாற்றியும் பலனில்லை. "கப்பலுக்குக் காய்ச்சலாப்பா?" என்கிறாள்.

தேவகோட்டைக்காரன்:
சூடம் தண்ணீரைத் தொடுகிறதா? தூக்கிக்கொண்டு நின்றால் ஓடாது.

காரைக்குடி அப்பா:
தொடுகிறது அண்ணே. பாதி முங்கித்தான் இருக்கிறது.

பழைய வாத்தியார்:
வெள்ளிக்கிழமை என்றீர்களே, பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலா? தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் இழுவிசையோடு இருக்கும். சூடம் கரைகிற பின்பக்கத்தில் அந்த இழுப்பு குறைவதால், முன்பக்க இழுப்பு கப்பலைக் கொண்டுபோகிறது. எண்ணெய் பரவினால் எல்லாப் பக்கமும் இழுப்பு குறைந்துவிடும். அப்புறம் கப்பலை எது இழுக்கும்? 1890இல் ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதை அளந்தே பார்த்தார். 84 செ.மீ. அகலத் தொட்டியில் சூடத்தின் ஆட்டத்தை நிறுத்த ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான ஆலிவ் எண்ணெய் போதுமாக இருந்தது! கப்பலை விடும் முன் சூடத்தைச் சுரண்டித் தண்ணீரில் தூவுங்கள். தூள் சுழன்றால் தண்ணீர் சுத்தம். சும்மா கிடந்தால் கொட்டிவிடுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:
தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து நாலு தடவை அலசுங்க தம்பி. சோப்பு வேண்டாம், அது ஒட்டியிருந்தாலும் கப்பல் நகராது. இன்னொன்று, சூட டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்க. கற்கண்டு என்று பிள்ளை வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வந்துவிடும்.

காரைக்குடி அப்பா:
வாத்தியார் ஐயா, சரியாகப் பிடித்தீர்கள். அப்பத்தா எண்ணெய் தேய்த்து ஊற விட்டிருந்த நேரத்தில்தான் இவள் கப்பலைத் தொட்டிருக்கிறாள். தாம்பாளத்தை அலசி, புதிதாக ஒன்று வெட்டி விட்டோம்; ஓடுகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மந்தமாகிவிடுகிறதே?

பழைய வாத்தியார்:
கரைந்த சூடமே மேற்பரப்பெங்கும் பரவிவிடும். தண்ணீரை மாற்றுங்கள். அகலமான அண்டா என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

காரைக்குடி அப்பா:
அண்டாவில் விட்டாயிற்று. இப்போது கையை மோந்து பார்த்துத்தான் யாரையும் பக்கத்தில் விடுகிறாள். அப்பத்தாவுக்கு மட்டும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.