மகள் பெயரில் மாதம் 15,000: நகைச்சீட்டா, செல்வமகளா, எஸ்.ஐ.பி.யா?

மதுரைக்காரி
மகளுக்கு வயது 4. மாதம் 15,000 ரூபாய் அவளுக்கென்று ஒதுக்க முடியும். மாமியார் நகைச்சீட்டு என்கிறார், வீட்டுக்காரர் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) என்கிறார். கல்லூரிச் செலவுதான் முதல் தேவை, கல்யாணம் அப்புறம். எதில் போடலாம்?

தராசுமுள்
மாமியார் கோபித்துக்கொண்டாலும் சரி, நகையை முதலீட்டில் சேர்க்காதீர்கள். ஒரு லட்சத்துக்குத் தங்கம் எடுக்கிறீர்கள், சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,12,000. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 1,15,360. மறுநாளே விற்றால் தங்கத்தின் விலை மட்டும்தான் திரும்பும். சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது தெரியுமா? வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும், கடைக்குக் கெடுபிடி கூடும். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, நகைச்சீட்டுக்குக் கிடையாது.

பவுன்தாத்தா
தம்பி, கணக்கு சரி. ஆனால் அவசரத்துக்கு நகையோடு வங்கிக்குப் போனால் அன்றைக்கே கடன் கையில். நம் ஊரில் பல பெண்களுக்குச் சொந்தச் சொத்து என்று இருப்பதே நகைதான். 2025-ல் கிராம் 10,000-ஐத் தாண்டியதே, அதையும் கணக்கில் எழுதுங்கள்.

தராசுமுள்
எழுதுகிறேன் ஐயா. கூடவே 2012-ல் கிராம் 3,000-ஐ ஒட்டி இருந்ததையும், 2018-லும் ஏறக்குறைய அங்கேயே நின்றதையும் எழுத வேண்டும். அந்த ஆறு வருடத்துக்கு நடுவில் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தால்? தங்கம் வேண்டும் என்றால் தங்க ஈ.டி.எஃப். (தங்கத்தின் விலையைப் பின்பற்றும், பங்குபோல் சந்தையில் வாங்கும் ஃபண்ட்) வாங்கலாம், செய்கூலி சேதாரம் இல்லை. ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டி தந்த அரசின் தங்கப் பத்திரம்தான் நல்ல சரக்கு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வரவில்லை.

அஞ்சல்பை
நான்கு வயதுப் பெண் குழந்தை என்றதும் அரசின் செல்வமகள் சேமிப்புத் திட்டம் ஒருவருக்கும் நினைவு வரவில்லையா? 10 வயதுக்குள் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை, அதாவது மாதம் 12,500. வட்டிக்கு வரி இல்லை. 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. இவ்வளவு கிடைக்கும்போது ரிஸ்க் எதற்கு?

நிஃப்டிநேசன்
ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றலாம். 2015-16-ல் 9.2, 2020-ல் 7.6. அதைவிடப் பெரிய விஷயம், படிப்புக்காக 18 வயதில் (அல்லது பத்தாவது முடித்ததும்) பாதிதான் எடுக்க முடியும். மீதிப் பணம் கணக்கு 21 வருடம் முடிந்த பிறகு, அப்போது இவர் மகளுக்கு 25 வயது! கல்லூரிதான் முதல் தேவை என்கிறார். 14 வருடம் கையில் இருக்கிறது, பாதியையாவது இண்டெக்ஸ் ஃபண்டில் (சென்செக்ஸ் போன்ற பங்குக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்) போடலாம்.

பவுன்தாத்தா
2020 ஜனவரியில் 42,000 தொட்ட சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்கு வந்ததே, அந்தச் சந்தையிலா?

நிஃப்டிநேசன்
ஆமாம், அதே சந்தைதான். அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எல்லாச் சரிவும் அப்படிச் சீக்கிரம் மீளாது. அதனால்தான் அவளுக்கு 15 வயது ஆனதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வங்கி டெபாசிட்டுக்கு மாற்றச் சொல்வேன். லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டினால் 12.5 சதவீத வரி உண்டு, அதையும் மறைக்கவில்லை.

மதுரைக்காரி
பாதி எடுக்கும் விஷயம் தெரியாது, நன்றி. செல்வமகளில் 7,500, இண்டெக்ஸ் ஃபண்டில் 7,500 என்று தொடங்குகிறோம். மாமியாருக்கு தீபாவளிக்கு ஒரு தங்கக் காசு.

அஞ்சல்பை
பணத்தை 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள் அக்கா. அதற்குப் பிறகு கட்டினால் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடையாது.

பவுன்தாத்தா
காசுக்கும் செய்கூலி உண்டு, விசாரித்து வாங்கம்மா.