புதுப்பிப்பு: மாலையில் வோல்ட் இறங்கிய எங்கள் சிறு நீர்மின் நிலையம் சரியாகிவிட்டது

இலங்கையின் சப்ரகமுவ மலையில் எங்கள் மின் நுகர்வோர் சங்கம் நடத்தும் சிறு நீர்மின் நிலையத்தில், மாலை 7 மணிக்கு 230 வோல்ட் 170க்கு இறங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க ஜெனரேட்டரோடு இணைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் கெட்டிருக்கும் என்றுதான் பலர் சொன்னீர்கள். அளந்தோம், எல்லாம் நன்றாகவே இருந்தன. பலித்தது, டர்பைனுக்கு முன்னால் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனை. வால்வை மூடினால் முள் சரியான இடத்தில் நின்றது. திறந்ததும் மளமளவென்று இறங்கியது. அப்படியென்றால் அடைப்பு மேலேதான் என்றிருந்தார். ஏறிப் போய்ப் பார்த்தால், டர்பைனுக்குக் குழாய் இறங்கும் தொட்டியின் கம்பி வலை ஒரு மூலையில் துருப்பிடித்துப் பிய்ந்து, குழாயின் வாயில் சருகும் வேரும் பாய் போலப் படிந்திருந்தது.

எதிர்பாராதது அப்புறம் நடந்தது. தண்ணீர் முழுசாக வந்த அன்றிரவே, வீடுகளில் விளக்கணைத்ததும் 265 வோல்ட் வரை ஏறி, நான்கு வீடுகளில் பல்புகள் போய்விட்டன. மிஞ்சும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பாலாஸ்ட் ஹீட்டர்கள் மூன்றில் ஒன்று அறுந்திருந்தது. தண்ணீர் குறைவாக வந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. அடைப்பு எடுப்பவர்கள் தயவுசெய்து வால்வைத் திறக்கும் முன் ஹீட்டர்களை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பல்புகளைச் சங்கப் பணத்தில் வாங்கிக் கொடுத்தோம். ஹீட்டரும் வலையும் மாற்றியாயிற்று. இப்போது 7 மணிக்கு 225 நிற்கிறது.