மூன்றாவது தவணையும் தவறப்போகிறது, வீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பின்னலாடை39 கேட்டது:

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், 14 வருஷ சர்வீஸ். வயது 39. 2021 மார்ச்சில் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் 32 லட்சம் வாங்கி, வீரபாண்டி பக்கம் இரண்டு சென்ட்டில் வீடு கட்டினோம். அப்போது வட்டி 6.9, காலம் 20 வருஷம், தவணை 24,618. 2022 மே மாதத்திலிருந்து வட்டி ஏறியபோது முதலில் தவணையைத் தொடாமல் வருஷத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 34 வருஷம் வரை போய்விட்டது. அதற்கு மேல் நீட்ட முடியாது என்று தவணையை 28,800 ஆக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி வந்தோம்.

இந்த 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் 50 சதவீத வரி வந்ததும் எங்கள் பையர் அடுத்த சீசன் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார். என் சம்பளம் 46,000 இருந்தது, இப்போது 38,000. மனைவி செக்கிங்கில் மாதம் 13,000 வாங்கிக்கொண்டிருந்தாள், அந்த யூனிட்டை செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அக்டோபர் 5, நவம்பர் 5 இரண்டு தவணையும் கணக்கில் பணமில்லாமல் ரிட்டர்ன். டிசம்பர் 5 வரப்போகிறது. பாக்கி அசல் 28 லட்சத்து 40 ஆயிரம், வட்டி இன்னும் 9.05.

கொரோனாவில் கொடுத்த மாதிரி இப்போது மாரடோரியம், அதாவது தவணையைத் தள்ளிவைக்கும் சலுகை, கிடைக்குமா? மனைவியிடம் மிச்சமிருப்பது ஆறு பவுன், அதை வைத்துக் கட்டலாமா? வீட்டை விற்கலாம் என்றால் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுகிறார். வசூல் ஆட்கள் போன வாரம் கம்பெனி கேட்டிலேயே வந்து நின்றார்கள். புது நம்பர் வந்தால் போனை எடுப்பதில்லை. இதை யாரிடம் போய்ப் பேசுவது என்றே தெரியவில்லை.

சதுரஅடி:

ப்ரோ, உடனே வித்துட்டு வாடகைக்குப் போங்க. ஆசைக்குக் கட்டினா இப்படித்தான்.

லைன்வீட்டுக்காரன்:

மேலே இருப்பவருக்கு: ஆசைக்குக் கட்டுகிறவர்கள் இரண்டு சென்ட்டில் கட்டுவதில்லை.

நானும் திருப்பூர்தான். போன வருஷம் இதே நிலையில் நான் செய்தது: சொந்த வீட்டை 11,000 வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் 5,000 ரூபாய் லைன் வீட்டுக்குப் போனோம். மாதம் 6,000 மிச்சம். பொதுக் குழாய், பொதுக் கழிவறை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் உண்டு. சொந்தக்காரர்கள் முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஒன்று மட்டும், வாடகைக்கு வருபவரின் அட்வான்ஸை எடுத்துத் தவணை கட்டிவிடாதீர்கள். அவர் காலி செய்யும்போது அது இன்னொரு கடனாக வந்து நிற்கும். நான் அப்படித்தான் மாட்டினேன்.

காவிரிக்கரை:

தம்பி, நான் ஈரோடு. வீட்டைக் கொடுத்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீரப்பன்சத்திரத்தில் எங்களுக்கு எட்டுத் தறி இருந்தது. வீட்டின் மேல் ஒரு பேங்கில் 22 லட்சம் கடன். 2018இல் நூல் விலையும் பாக்கி வராத பில்லும் சேர்ந்து எங்களைச் சாய்த்தன. அப்போது நாங்கள் செய்ததும் நீங்கள் செய்வதேதான். போனை எடுக்கவில்லை. பேங்க் இருக்கும் தெரு வழியாகக்கூட என் வீட்டுக்காரர் போகமாட்டார், சுற்றிக்கொண்டு வருவார். ரிஜிஸ்டர் தபால் வந்தபோது ‘ஆள் இல்லை’ என்று மாமியாரைச் சொல்லச் சொன்னோம். வாங்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பினோம். அது சுத்தப் பொய். வாசலில் ஒட்டினார்கள், அதுவே போதுமாம்.

அந்தத் தபாலில் இருந்தது, கட்டாத கடனுக்காக அடமானச் சொத்தை பேங்கே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ். 60 நாளில் முழுப் பாக்கியையும் கட்டு என்று இருக்கும். அதற்கு நாம் எழுத்தில் பதில் கொடுக்கலாம், கொடுத்தால் 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 60 நாள் முடிந்ததும் கையகப்படுத்தல் நோட்டீஸை வாசலில் ஒட்டி, இரண்டு பேப்பரில் போட்டார்கள், அதில் ஒன்று தமிழ்ப் பேப்பர். கோபியில் இருந்து என் சின்ன மாமனார் பேப்பரைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு பேர் எங்களை விசாரித்ததில்லை.

அதன் பிறகுதான், வேறு வழியில்லாமல், நான் பேங்குக்குப் போனேன். ஆச்சரியம் என்னவென்றால் அந்த அதிகாரி திட்டவில்லை. ‘நாங்கள் விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும், நீங்களே ஆள் பாருங்கள்’ என்றார். அவர்கள் ஏலத்துக்கு மனதில் வைத்திருந்த விலை 27 லட்சம். நாங்கள் ஒரு பள்ளி வாத்தியாருக்கு 35 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கொடுத்தோம். பாக்கி எவ்வளவு என்று பேங்கில் எழுதி வாங்கினோம். அது 24 லட்சத்துச் சொச்சம். வாத்தியாருடைய பேங்க் அந்தத் தொகையை டிடியாக நேரே எங்கள் பேங்குக்கே கொடுத்தது, பத்திரம் கைமாறியது, கிரயம் அதே வாரம் முடிந்தது. கடன் இருக்கும் வீட்டை விற்க முடியாது என்று புரோக்கர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன்னால் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் வீடு நம்முடையதுதான். வெளிவந்த பிறகு அந்த உரிமை போய்விடுகிறது. 2016இல் சட்டத்தை அப்படித் திருத்திவிட்டார்கள்.

மற்ற கடனெல்லாம் போகக் கையில் நின்றது நாலு லட்சம். இப்போது பெருந்துறையில் வாடகை வீடு. ஆறு மாதம் முன்பே போய்ப் பேசியிருந்தால் வீட்டையே வைத்திருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் ராத்திரி யோசிப்பேன்.

நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, தம்பி. இரண்டு தவணைதான். நாளைக்கே கிளைக்குப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அவரும் கடனில் கையெழுத்துப் போட்டிருப்பாரே.

பழைய லெட்ஜர்:

அந்த அம்மா சொன்னதற்கு மேல் கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு பேங்கில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், கடைசி ஆறு வருஷம் வாராக்கடன் பிரிவு.

உங்கள் நாள் கணக்கு அக்டோபர் 5இல் தொடங்குகிறது. 90 நாளைத் தாண்டினால், அதாவது ஜனவரி 3 கடந்தால், உங்கள் கணக்கு வாராக்கடன். அதற்குப் பிறகு ஒரு தவணை கட்டினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, தவறிய தவணைப் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் மாற்றுவார்கள். அதனால் இப்போதே அக்டோபர் தவணையை மட்டுமாவது கட்டுங்கள், கணக்கு நவம்பர் 5இல் இருந்து எண்ணப்படும். முக்கியம், கட்டும் பணத்தை அபராதத்திலும் ரிட்டர்ன் சார்ஜிலும் வரவு வைத்துவிடாமல் பழைய தவணையில் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

மாரடோரியம் கிடையாது. 2020இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொடுத்தது எல்லோருக்கும் பொதுவானது. இந்த 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது ஏற்றுமதிக் கம்பெனிகள் வாங்கிய கடனுக்கு. உங்கள் முதலாளிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், அவரிடம் வேலை செய்பவரின் வீட்டுக் கடனுக்கு அது பொருந்தாது.

அடுத்தது வட்டி. இந்த 2025இல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5இல் இருந்து 5.5க்கு இறக்கினார்கள். பேங்க் கடன் 2019 அக்டோபருக்குப் பிறகு ரெப்போ மாதிரி வெளி அளவீட்டோடு கட்டப்பட்டது, மூன்று மாதத்துக்குள் இறங்கியாக வேண்டும். உங்களுடையது வீட்டுக் கடன் நிறுவனம். அவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தாங்களே ஒரு வட்டி வைத்துக்கொள்வார்கள். ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது படிக்கட்டு. ஆனால் கேட்டால் ஒரு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். கேட்காதவருக்கு யாரும் குறைத்ததில்லை.

எட்டு சதவீதம் கிடைத்தது என்று வையுங்கள். மிச்சமுள்ள 184 மாதத்துக்குத் தவணை சுமார் 26,850. அதையே 240 மாதமாக நீட்டினால் சுமார் 23,750. இப்போதைய தவணையைவிட 5,000 குறைவு. உங்களுக்கு 39 வயதென்பதால் 60க்குள் முடிகிறது, அதனால் மறுக்க வயதைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் இதற்கு விலை உண்டு: மொத்தமாக ஏழரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். நிலைமை சரியானதும் வருஷத்துக்கு ஒரு லட்சம் முன்கூட்டிக் கட்டினால் பெரும்பகுதி தப்பும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது. அதோடு, கஷ்டத்தால் நீட்டியது என்று அவர்கள் பதிவு செய்தால் உங்கள் கடன் வரலாற்றுப் பதிவான சிபிலில் அது தெரியும்.

வேறு பேங்குக்கு மாற்றலாமே என்று நினைப்பீர்கள். இரண்டு தவணை ரிட்டர்ன் இருக்கும்போது எவனும் தொடமாட்டான். பாக்கியைத் தீர்த்து, ஒழுங்காகக் கொஞ்ச மாதம் கட்டிக் காட்டிய பிறகு முயலுங்கள்.

ஸ்டேட்மென்ட்டில் அபராத வட்டி என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். 2024இல் இருந்து அபராதம் கட்டணமாகத்தான் வரலாம், வட்டியோடு சேர்க்கவோ அதன் மேல் வட்டி போடவோ கூடாது. வசூல் ஆட்கள் காலை 8க்கு முன்போ இரவு 7க்குப் பின்போ கூப்பிடக் கூடாது. கேட்டில் வந்து மானத்தை வாங்குவதும் விதிக்குப் புறம்பு. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், வீட்டுக் கடன் நிறுவனங்கள் மீதான புகாரைப் பார்க்கும் தேசிய வீட்டுவசதி வங்கி. சட்டப்படி அவர்கள் தவறு செய்து வீட்டைக் கையகப்படுத்தினால் கோவையிலேயே கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கிறது, 45 நாளுக்குள் போக வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படக் கூடாது.

நகை: ஆறையும் வைக்காதீர்கள். இந்த 2025 நவம்பரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது, இப்போதைக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுக்கிறார்கள். இரண்டு பவுனிலேயே இரண்டு தவணையும் ரிட்டர்ன் சார்ஜும் முடிந்துவிடும். ஆனால் நீட்டிப்பு எழுத்தில் கைக்கு வரும் வரை ஒரு தவணைக்கு மேல் கட்டாதீர்கள். மீதியைக் காட்டித்தான் பேரம் பேச வேண்டும். பிஎஃப்பிலும் வீட்டுக் கடனுக்கென்று எடுக்க வழி உண்டு, 14 வருஷ சர்வீஸுக்குத் தகுதி இருக்கும், உங்கள் பிஎஃப் எண்ணான யூஏஎன்னில் போய்ப் பாருங்கள். கந்துவட்டிக்காரன் வாசலை மட்டும் மிதிக்காதீர்கள்.

சதுரஅடி:

சார் சொல்றது கரெக்ட். ஆனா விற்கிறதா இருந்தா சீக்கிரம் வித்தாத்தான் விலை, அதைத்தான் சொன்னேன்.

பழைய லெட்ஜர்:

தப்பில்லை, ஆனால் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் விற்றால், அசலுக்காக வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் வாங்கிய வரிச் சலுகையெல்லாம் விற்ற வருஷ வருமானத்தில் வந்து சேரும். இவர் வீட்டுக்கு இன்னும் அந்தக் காலம் முடிந்திருக்காது.

பின்னலாடை39:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு மனைவியோடு கிளைக்குப் போய்விட்டு வந்தேன். வெளியே பத்து நிமிஷம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், அவள்தான் முதலில் இறங்கினாள்.

லெட்ஜர் சார் சொன்னபடி 8 கேட்டேன். 8.25 வரை செய்யலாம், மாற்றுக் கட்டணம் உண்டு என்றார்கள். காலத்தை நீட்டுவது தலைமை அலுவலகம் போய் வர வேண்டுமாம். சம்பளக் குறைப்புக்குக் கம்பெனிக் கடிதமும் மனைவியின் யூனிட் மூடியதற்கு ஏதாவது ஆதாரமும் கேட்டிருக்கிறார்கள். அந்த யூனிட்டில் கடைசிச் சம்பளச் சீட்டே கொடுக்கவில்லை, சூப்பர்வைசரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கேட்டில் ஆள் வந்ததைச் சொன்னதும் மேனேஜர் யாருக்கோ போன் போட்டார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரைப் பவுன் சங்கிலியை வைத்து அக்டோபர் தவணையைக் கட்டிவிட்டேன். அம்மாவிடம் லைன் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். ‘பசுவை எங்கே கட்டுவது’ என்று கேட்டார். எங்களிடம் பசு போய் ஏழு வருஷம் ஆகிறது.

காவிரிக்கரை:

ரசீதில் அக்டோபர் தவணை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள் தம்பி.

பின்னலாடை39:

வெறும் ‘வரவு’ என்று மட்டும்தான் இருக்கிறது, அக்கா. காலையில் திரும்பப் போகிறேன்.