மூன்றாம் காட்சியில் சிக்கிக்கொண்ட நாடகம்

பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழு பேர் ஒரு மேடை நாடகம் எழுதுகிறோம். பங்குனி உத்திரத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலில் அரங்கேற்றம். கதை 2025இல் நடக்கிறது. வயிற்று அறுவை சிகிச்சையில் பஞ்சுத்துணி உள்ளேயே தங்கிவிட, ஒன்பதாம் நாள் நோயாளி இறக்கிறார். மூன்றாம் காட்சியில் இன்ஸ்பெக்டர் வந்ததும் சர்ஜனுக்கு விலங்கு மாட்டுகிறார். கைதட்டல் நிச்சயம், ஆனால் நடப்பு அப்படியில்லையே!

மருத்துவர்களின் கவனக்குறைவு பற்றிய 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தோம்: புகார் வந்ததுமே கைது கூடாது, முதலில் சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும், அவர் அரசுப் பணியில் உள்ளவராக இருந்தால் நல்லது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்பதையும் பார்த்துவிட்டோம். கடைசியில் உள்ள கேள்விக்குத் தெரிந்த வக்கீல்கள் இருவரும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். மூன்று முறை திருத்தியும் காட்சிக்கு உயிர் வரவில்லை.

அந்தக் கருத்தைத் தரும் மருத்துவர், சர்ஜனை நேரில் அழைத்து விசாரிப்பாரா, சிகிச்சை ஆவணங்களை மட்டும் பார்ப்பாரா?