ஒரே தொட்டியில் லெப்பர்டு கெக்கோவும் கிரெஸ்டட் கெக்கோவும்: இரண்டுமே வாடுகின்றன, உதவுங்கள்

கேட்பவர், மயிலாடுதுறை
வணக்கம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் லெப்பர்டு கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம் கிரெஸ்டட் கெக்கோ என்ற இன்னொரு வகைப் பல்லியும் கைக்கு வந்தது. இது தரையில் கிடக்கும், அது செடியில் ஏறிக்கொள்ளும், சண்டை வராது என்று ஒன்றாக விட்டேன். கிரெஸ்டடுக்காக இரு வேளை தண்ணீர் தெளிக்கிறேன். ஈரப்பதம் 60இல் நிற்கிறது. இப்போது லெப்பர்டு சரியாகத் தின்பதில்லை, மூக்கில் குமிழ் வருகிறது. கிரெஸ்டடுக்கு உரிந்த தோல் விரல்களில் வளையமாக ஒட்டியிருக்கிறது. தொட்டியின் நடுவே தடுப்பு வைத்தால் சரியாகுமா?

குடந்தைக்காரன்
தம்பி, தடுப்பெல்லாம் வேண்டாம். இன்றைக்கே பிரித்துவிடுங்கள். லெப்பர்டு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலத்துப் பிராணி. சூட்டுப் பக்கம் 32 டிகிரி, ஈரப்பதம் 40க்குள் இருக்க வேண்டும். கிரெஸ்டட் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காட்டுக்காரன். அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு 22 முதல் 26 டிகிரி போதும், 28ஐத் தாண்டினால் தவிக்கும். ஈரப்பதம் 60–80. நீங்கள் நடுவில் வைத்ததால் இரண்டுக்கும் இரண்டுங்கெட்டான்.

விரல் வளையத்தைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீர் கால் நனையும் அளவுக்கு ஊற்றி, பத்து நிமிடம் அதில் நிற்க விட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். விட்டுவைத்தால் ரத்த ஓட்டம் நின்று விரலே போகும். வாலைத் தொடவே வேண்டாம். கிரெஸ்டடுக்கு விழுந்த வால் முளைக்காது.

வயல்வரப்பு
என் சிநேகிதர் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லையே? பெரிய தொட்டி வாங்கினால் போதும்.

குடந்தைக்காரன்
பெரிய தொட்டியிலும் எச்சம் ஒரே தரையில்தானே விழும்? கிரிப்டோ என்ற ஒட்டுண்ணி அப்படித்தான் பரவும். தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் லெப்பர்டின் வால் குச்சியாகிவிடும், தீர்க்கிற மருந்து கிடையாது. வெளியே நன்றாகத் தெரிகிற பிராணியும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்புறம், இரவில் இரண்டும்தான் நடமாடும், கிரெஸ்டட் கீழே இறங்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

திருவாரூர் அக்கா
நம் ஊரில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் லெப்பர்டு தொட்டியை உலர்வாக வைப்பதே பெரும்பாடு. சித்திரையில் கிரெஸ்டடுக்கு ஏசி அறை இல்லாமல் முடியாது. ஒரே பெட்டிக்குள் இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பீர்கள்? லெப்பர்டுக்குத் தோல் உரிய, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் நனைத்த தென்னைநார்த் தூள் வைத்தால் போதும். சுவர்ப் பல்லியைப் பிடித்துத் தீனியாகப் போடாதீர்கள். ட்யூப்லைட்டுக்கு வரும் பூச்சியும் வேண்டாம், வயலில் மருந்தடித்திருப்பார்கள்.

கேட்பவர்
பிரித்துவிட்டேன் அக்கா. லெப்பர்டுக்கு இப்போது டிஷ்யூ பேப்பர் தரைதான். மூக்குக் குமிழுக்கு எங்கே காட்டுவது?

குடந்தைக்காரன்
ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நாளைக்கே கிளம்புங்கள். இரண்டின் புது எச்சத்தையும் தனித்தனி டப்பாவில் எடுத்துப் போய், கிரிப்டோ என்று பெயர் சொல்லிச் சோதிக்கக் கேளுங்கள். சாதாரணச் சோதனையில் தப்பிவிடும். அதுவரை இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.