டிவிடியிலிருந்து பிரித்த கூத்துப் பாடல்கள் சுருதி இறங்கி ஒலிக்கின்றன: உதவி தேவை

கேட்பவர் (ஆரையம்பதி)

வணக்கம். அண்ணாவியாராக (கூத்துப் பழக்கும் ஆசானாக) இருந்த எனது அம்மப்பா இறுதியாக ஆட்டுவித்த வடமோடி என்ற வகைக் கூத்தை ஊரவர் ஒருவர் டிவிடி பதிவுக் கருவியில் பதிந்து தந்த இறுவட்டு எங்களிடம் உள்ளது. கண்பார்வை குறைந்துவிட்ட அம்மம்மாவுக்காகப் பாடல்களை மட்டும் சிறிய எம்பி3 பிளேயரிலும், மாமாவின் காருக்காக ஓர் ஓடியோ சிடியிலும் பதிய விரும்பினேன். ஒலியைத் தனியே பிரிக்கும் மென்பொருள் ஒன்று எனக்குப் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) கோப்பைத் தந்தது. அதை ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ரோ டேட்டாவாக (விவரக் குறிப்பில்லாத வெறும் தரவாக) திறந்தபோது முதலில் இரைச்சல் மட்டுமே கேட்டது. பிக் எண்டியன் என்ற பைட் வரிசையைத் தெரிவு செய்த பின்னரே பாடல் கேட்டது. ஆனால் குரல் தடித்து, மத்தளம் சோம்பலாக விழுகிறது. "இது அவருடைய குரல் இல்லை" என்கிறார் அம்மம்மா. இடையிடையே பாடல் அறுபட்டும் போகிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி (கல்முனை)

சிடியை அதிக வேகத்தில் எழுதியிருப்பீர்கள் தம்பி. வேகத்தைக் குறைத்து மீண்டும் எழுதிப் பாருங்கள்.

மறுமொழி (களுவாஞ்சிகுடி)

எழுதும் வேகம் கூடினால் வாசிப்புப் பிழைகள் வரலாமே தவிர, அது சுருதியை இறக்காது. இறுவட்டைத் தொலைக்காட்சியில் போடும்போது எத்தனை நிமிடம் காட்டுகிறது, உங்கள் கோப்பு எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள்.

கேட்பவர்

தொலைக்காட்சியில் 58 நிமிடம். கோப்பு 63 நிமிடத்தைச் சற்றுத் தாண்டுகிறது. கணினியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

மறுமொழி (களுவாஞ்சிகுடி)

அப்படியானால் காரணம் தெளிவாகிறது. டிவிடி வீடியோவின் ஒலி விநாடிக்கு 48,000 தடவை அளக்கப்பட்டு, அத்தனை மாதிரிகளாகப் பதியப்படுகிறது. ஓடியோ சிடியோ 44,100 மாதிரிகளை மட்டுமே ஏற்கும். பிசிஎம் கோப்பில் இந்த விவரத்தைச் சொல்லும் தலைப்பகுதி இல்லாததால், நீங்கள் குறிப்பிட்ட எண்ணையே ஓடாசிட்டி நம்பும், நீங்கள் 44,100ஐ மாற்றாமல் விட்டிருப்பீர்கள். 58ஐ 48ஆல் பெருக்கி 44.1ஆல் வகுத்துப் பாருங்கள், 63.1 வரும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். அம்மம்மாவின் காது பிழைக்கவில்லை.

மீண்டும் திறக்கும்போது 48,000 என்றும், 16 பிட், இரு தடம் என்றும் கொடுங்கள். எம்பி3 வடிவம் 48,000ஐ ஏற்கும் என்பதால் பிளேயருக்கு வேறு மாற்றம் தேவையில்லை. 192 கேபிபிஎஸ் வைத்தால் முழுக் கூத்தும் 85 எம்பிக்குள் அடங்கும். சிடிக்கு மட்டும் 44,100க்கு முறையாக மறுமாதிரியாக்க (புதிய வீதத்துக்கு மாதிரிகளைக் கணித்து மாற்ற) வேண்டும். எண்ணை வெறுமனே மாற்றி எழுதினால் பழைய நோயே திரும்பும்.

பாடல் அறுபடுவதற்கு வேறு காரணம் உண்டு. இறுவட்டின் வீடியோ டிஎஸ் கோப்புறையில் படத்தையும் ஒலியையும் கொண்டுள்ள விஓபி கோப்புகள், பாட்டு நடுவில் இருக்கிறதா என்று பாராமல், ஏறத்தாழ 1 ஜிபிக்கு ஒன்றாக வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பிரிக்காமல், 1 முதல் கடைசி எண் வரை வரிசையாக இணைத்த பின் ஒலியைப் பிரியுங்கள். 0 என்று முடிவது மெனுவுக்கானது. அதைச் சேர்க்க வேண்டாம்.

கேட்பவர்

நன்றி அண்ணன், நீளம் 58 நிமிடத்துக்கு வந்துவிட்டது. விருத்தம், தரு என்று ஒவ்வொரு பாடலையும் தனித்தனித் தடங்களாக வெட்டினேன். சிடியில் ஒவ்வொரு தடத்துக்கும் இடையே 2 விநாடி மௌனம் விழுகிறது. ஆட்டத்தின் நடுவே தாளம் நின்றுவிடுகிறது.

மறுமொழி (களுவாஞ்சிகுடி)

எழுதும் மென்பொருளில் தட இடைவெளியை 0 ஆக்கி, டிஸ்க் அட் வன்ஸ் (முழு வட்டையும் ஒரே தடவையில் எழுதும்) முறையைத் தெரிவு செய்யுங்கள். வெட்டும் இடமும் விநாடியின் 75இல் ஒரு பங்கின் மடங்காக, அதாவது 588 மாதிரிகளின் மடங்காக, அமைய வேண்டும். இல்லையேல் மீதியை மென்பொருள் மௌனத்தால் நிரப்பிச் சிறு சொடுக்கு கேட்கும். ஓடாசிட்டியின் தெரிவுப் பட்டையில் சிடிடிஏ (ஓடியோ சிடி) சட்டக அலகை, அதாவது அந்த 75இல் ஒரு பங்கைத் தெரிந்து, அதற்கு ஒட்டவைக்கும் வசதியையும் இயக்கினால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

கேட்பவர்

இப்போது இடைவெளி இல்லை. அம்மம்மா பிளேயரைக் கேட்டுவிட்டு, பிற்பாட்டுக்காரர் ஒருவர் பிந்திப் பிடிக்கிறார் என்று குறை சொன்னார். டிவிடியில் பார்த்தேன்; அங்கும் அவர் பிந்தித்தான் பிடிக்கிறார்.